இரண்டு காலாவதித் தேதிகள்

ஊதியப் பட்டியல் மென்பொருள் எழுதுகிறவனுக்கு டிசம்பர் மாதம் முழுவதும் சிவராத்திரிதான். அடுத்த ஆண்டு யார் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்ற அட்டவணையை அமெரிக்க வரித்துறை வெளியிடும். அதை நிரலில் ஏற்றி, பழைய சம்பளச் சீட்டுகளோடு ஒத்துப்பார்த்து, ஜனவரியின் முதல் சம்பளத்துக்குள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியாக வேண்டும். 2010-ஆம் ஆண்டு அந்த அட்டவணை டிசம்பர் 17 வரை வரவே இல்லை. நியூ ஜெர்சியில் பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நாங்கள் இரண்டு அட்டவணைகளைத் தயார் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். நாடாளுமன்றம் ஏதாவது செய்தால் ஒன்று, எதுவும் செய்யாவிட்டால் இன்னொன்று.

எங்கள் நிரலில், வரி விகிதங்கள் தொடங்கும் இடத்துக்கு மேலே, எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த யாரோ ஒரு வரிக் குறிப்பு எழுதி வைத்திருந்தார்: 'புஷ் விகிதங்கள். 31.12.2010 வரை மட்டும்.' பல ஆண்டுகள் அதைப் பார்த்தும் பார்க்காமலும் கடந்து போயிருக்கிறேன். பழைய வீட்டுச் சுவரில் முந்தைய குடித்தனக்காரர் அடித்துவிட்டுப் போன ஆணி மாதிரி.

அந்தக் குறிப்பைப் பற்றித்தான் எனக்கும் ஹூஸ்டனில் இருக்கும் அத்தானுக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் சண்டை. அத்தான் எண்பதுகளில் வந்தவர், எண்ணெய்க் குழாய்ப் பொறியாளர், குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர். அக்கா மருந்தாளுநர். இரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டினால், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வரி கூட்டமாட்டேன் என்று ஒபாமா தேர்தலில் போட்ட இரண்டரை லட்சம் டாலர் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அத்தானும் ஒளித்ததில்லை. "என் பாக்கெட்டைப் பற்றிப் பேசுகிறாய் மாப்பிள்ளை, அதனால் எனக்கும் பேச உரிமை உண்டு" என்பார்.

ஜார்ஜ் புஷ் 2001-லும் 2003-லும் வருமான வரியைக் குறைத்தார். உச்ச விகிதம் 39.6 சதவீதத்திலிருந்து 35-க்கு இறங்கியது. அடியில் 10 சதவீதம் என்று ஒரு புது அடுக்கு முளைத்தது. குழந்தைக்கான வரிச் சலுகை 500 டாலரிலிருந்து 1,000 ஆனது. செனட்டில் எதிர்க்கட்சியின் தடையைத் தாண்டத் தேவையான 60 வாக்குகள் கையில் இல்லாததால், சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்கிற பட்ஜெட் வழியில் இவற்றைக் கொண்டுபோனார்கள். 2003-இல் அதற்கும் 50-50 என்று முட்டுக்கட்டை விழ, துணை அதிபர் டிக் செனி வந்து தன் ஒரு வாக்கைப் போட்டு நிறைவேற்றினார். அந்த வழிக்கு ஒரு விலை உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட் பெயரால் வழங்கும் விதி ஒன்று, பட்ஜெட் காலத்துக்கு அப்பாலும் பற்றாக்குறையைக் கூட்டும் எதையும் அந்த வழியில் அனுமதிக்காது. ஆகவே சலுகைகளுக்கு முடிவு நாள் குறித்தார்கள்; முக்கியமானவற்றுக்கு 2010 டிசம்பர் 31. அன்று யார் அதிபராக இருப்பாரோ அவர் பாடு என்று விட்டுவிட்டார்கள்.

2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புஷ் கையெழுத்திட்டது மே 28 அன்று. பாக்தாத் மீது குண்டு விழத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வியட்நாம் போர் நடந்தபோது, 1968-இல், லிண்டன் ஜான்சன் வருமான வரியின் மேல் 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார். போருக்குப் பணம் வேண்டும், யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அன்றைய கணக்கு. இந்தப் போருக்கு வரியைக் குறைத்தார்கள். கடன் வாங்கிக் கல்யாணம் செய்வது நமக்குத் தெரியும். கடன் வாங்கிக் கல்யாணம் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் கையில் மொய்யும் கொடுத்தனுப்பிய வீடு இதுதான்.

இப்போது இரண்டாவது தேதி. 2008 நவம்பர் 17 அன்று பாக்தாதில் அமெரிக்கத் தூதர் ரயன் கிராக்கரும் ஈராக் வெளியுறவு அமைச்சர் ஹோஷியார் ஸெபாரியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2009 ஜூன் 30-க்குள் அமெரிக்கப் படை நகரங்களைவிட்டு வெளியேறும். 2011 டிசம்பர் 31-க்குள் நாட்டைவிட்டே வெளியேறும். ஒபாமா தேர்தலில் வென்று இரண்டு வாரம் ஆகியிருந்தாலும் அதிபர் அப்போதும் புஷ்தான். அடுத்த மாதம் அதைக் கொண்டாடப் பாக்தாத் போன இடத்தில்தான் ஒரு பத்திரிகையாளர் அவர் மீது காலணிகளை வீசினார். புஷ் குனிந்து தப்பியதை உலகமே பார்த்தது. அவர் எதற்காக அங்கே போனார் என்பது யாருக்கும் நினைவில்லை.

ஆக, ஒபாமா 2009 ஜனவரியில் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மேசையில் இரண்டு தேதிகள் கிடந்தன. இரண்டும் முன்னவர் கையெழுத்து. இரண்டிலும் ஒபாமா ஒன்றுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் சொன்ன திசையில்தான் காரியம் நடக்கும். படை திரும்பிவிடும், செல்வந்தர்களின் வரி பழைய இடத்துக்குப் போய்விடும். இரண்டாவதில் எல்லோருடைய வரியும் ஏறும் என்ற சங்கடம் உண்டுதான். ஆனால் பேரம் என்று வந்துவிட்டால், தேதி யார் பக்கம் ஓடுகிறதோ அவருக்குத்தான் பலம். வாடகை ஒப்பந்தம் முடியும் மாதத்தில் வீட்டுக்காரரிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

2010-க்கு வருகிறேன். என் ஆத்திரம் டிசம்பர் மாதத்து ஒப்பந்தத்தின் மேல் அல்ல, அதற்கு முந்தைய இருபது மாதங்களின் மேல். இரண்டு சபைகளிலும் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. இரண்டரை லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சலுகை தொடரும் என்று ஒரு மசோதாவைக் கோடையிலேயே வாக்கெடுப்புக்கு விட்டு, எதிர்க்கிறவர்கள் எதிர்க்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். தேர்தல் பயத்தில் செப்டம்பர் கடைசியில் வாக்கெடுப்பே இல்லாமல் தொகுதிக்குக் கிளம்பிப் போனார்கள். நவம்பர் 2 அன்று பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. தோற்ற பிறகு வீரம் வந்தது. டிசம்பர் 2 அன்று அந்த மசோதாவைக் கீழ்ச் சபையில் 234-188 என்று நிறைவேற்றினார்கள். செனட்டில் 53 பேர் ஆதரித்தும் 60 இல்லாததால் இரண்டு நாளில் அது செத்தது.

டிசம்பர் 6-ஆம் தேதி ஒபாமா சமரசத்தை அறிவித்தார். எல்லோருக்கும், கோடீஸ்வரர்கள் உள்பட, இரண்டாண்டு நீட்டிப்பு. பதிலுக்கு, நவம்பர் 30-உடன் நின்றுபோயிருந்த வேலையில்லாதோர் உதவித்தொகை 13 மாதம் தொடரும். தொழிலாளியின் சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதத்திலிருந்து ஓராண்டுக்கு 4.2 ஆகும். மொத்தச் செலவு 85,800 கோடி டாலர். மறுநாள் செய்தியாளர்களிடம் குடியரசுக் கட்சிக்காரர்களை, ஆட்களைப் பணயமாகப் பிடித்து வைத்திருப்பவர்களோடு ஒப்பிட்டார். அதே மூச்சில் தன் கட்சியின் இடதுசாரிகள் மேலும் எரிந்து விழுந்தார். 10-ஆம் தேதி பில் கிளிண்டனை வெள்ளை மாளிகையின் செய்தி அறைக்கு அழைத்து வந்து ஒப்பந்தத்துக்கு ஆதரவாகப் பேசச் சொன்னார். பிறகு, மனைவி காத்திருக்கிறார் என்று சொல்லி, அவரை மேடையிலேயே விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போய்விட்டார். கிளிண்டன் அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அதே நாள் செனட்டில் பெர்னி சாண்டர்ஸ் எட்டரை மணி நேரம் நின்றபடி ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசினார். நான் அலுவலகத்தில் ஒரு காதில் அதைக் கேட்டபடி இரண்டு அட்டவணைகளையும் சோதித்துக்கொண்டிருந்தேன்.

"உன் ஆள் புத்திசாலி" என்றார் அத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. பாராட்டா, கிண்டலா என்று தெரியவில்லை.

"என் ஆள் சரணடைந்துவிட்டார் அத்தான்."

"சரணடைந்தாரா? எங்களிடம் கேட்டால் இன்னொரு பொருளாதார ஊக்கத் திட்டம் தரமாட்டோம் என்று தெரிந்து, அதை வரிக்குறைப்பு என்ற பொட்டலத்தில் சுற்றி வாங்கிக்கொண்டார். எங்கள் ஆட்கள்தான் ஏமாந்தார்கள்."

அத்தான் சொன்னதில் உண்மை இருந்தது. என் நண்பர் ஒருவர், பக்கத்து அடுக்ககத்தில் இருந்தவர், 2009 கோடையில் வேலை இழந்து எழுபது வாரங்களுக்கு மேல் அந்த உதவித்தொகையில்தான் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். டிசம்பர் முதல் வாரம் அது நின்றது. வீட்டுக்கு வந்தவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தம் நிறைவேறிய பிறகு அவருக்குப் பணம் வந்தது. தேதி ஓடட்டும், ஜனவரியில் பேசிக்கொள்ளலாம் என்று நான் தொலைபேசியில் அத்தானிடம் முழங்கியபோது, அந்த ஜனவரி அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் மனைவிதான் சமையலறையிலிருந்து, "அவர் காதில் விழப்போகிறது" என்றாள்.

ஆனாலும் அட்டவணையை ஏற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டு ஊக்கச் சட்டத்தில் உழைப்பவர்களுக்கு ஆளுக்கு 400 டாலர் சலுகை இருந்தது. அதைக் காசோலையாகத் தராமல் பிடித்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுத்தார்கள். வாரத்துக்கு எட்டு டாலர் கூடினால் யார் கவனிப்பார்? ஒருவரும் கவனிக்கவில்லை, ஒபாமா வரியைக் கூட்டிவிட்டார் என்றே பலர் நம்பினார்கள். 2010 ஒப்பந்தத்தில் அந்த 400 போய், சமூகப் பாதுகாப்பு வரியில் 2 சதவீதக் குறைப்பு வந்தது. ஆண்டுக்கு 20,000 டாலருக்குக் கீழே சம்பாதிப்பவருக்கு 2 சதவீதம் என்பது 400-ஐவிடக் குறைவு. ஆக, ஒரு கோடி சம்பாதிப்பவருக்கும் சலுகை தொடர்ந்த அந்த ஆண்டில், உணவகத்தில் மேசை துடைப்பவரின் சம்பளச் சீட்டில் பிடித்தம் கொஞ்சம் கூடியது. சோதனை ஓட்டத்தில் அந்த வரிசைகளைப் பார்த்தபோது நிரலில் பிழை என்று நினைத்துத் திரும்ப ஓட்டினேன். பிழை இல்லை.

செனட்டில் 81-19, கீழ்ச் சபையில் 277-148. டிசம்பர் 17 அன்று கையெழுத்து. அன்றே அட்டவணையும் வந்தது. நிரலின் மேலே இருந்த குறிப்பில் 2010 என்பதை 2012 என்று மாற்றினேன்.

ஈராக் பக்கம் வேறு விதமாக நடந்தது. 2002 அக்டோபரில், இல்லினாய் மாநில செனட்டராக இருந்தபோதே, சிகாகோவில் ஒரு கூட்டத்தில் அதை முட்டாள்தனமான போர் என்று சொன்னவர் ஒபாமா. அந்த ஒரு பேச்சுதான் ஹிலாரி கிளிண்டனைத் தாண்டி அவரை மேலே கொண்டுவந்தது என்றுகூடச் சொல்லலாம். பதவியேற்றபோது ஈராக்கில் ஏறத்தாழ 1.4 லட்சம் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். போரிடும் பணி 2010 ஆகஸ்ட் 31-உடன் முடியும், அதன்பின் 50,000 பேர் வரை இருப்பார்கள், அவர்களும் 2011 முடிவுக்குள் திரும்புவார்கள் என்று பதவிக்கு வந்த ஆறாவது வாரமே அறிவித்தார். சொன்ன தேதிகளைக் காப்பாற்றினார். இதில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, இன்றும் உண்டு.

சிக்கல் 2011-இல். ஒரு சிறு படையாவது தங்க வேண்டும் என்று ராணுவத் தலைமை விரும்பியது. முதலில் பேசிய எண்ணிக்கை பத்தாயிரத்துக்கு மேல். வெள்ளை மாளிகை குறைத்துக் குறைத்துச் சில ஆயிரத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. தங்கும் வீரர்கள் ஈராக் நீதிமன்றத்துக்கு உட்படக் கூடாது, அந்தப் பாதுகாப்பை ஈராக் நாடாளுமன்றமே சட்டமாக்கித் தர வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. 2007 செப்டம்பரில் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் 17 ஈராக்கியர்களைச் சுட்டுக் கொன்றதை மறக்காத நாட்டில், எந்த உறுப்பினர் அதற்குக் கை தூக்குவார்? பயிற்சி கொடுக்க வாருங்கள், பாதுகாப்பு மட்டும் கேட்காதீர்கள் என்று அக்டோபர் தொடக்கத்தில் ஈராக் தலைவர்கள் சொல்லிவிட்டார்கள். அக்டோபர் 21 அன்று ஒபாமா எல்லோரும் ஆண்டு முடிவுக்குள் வீடு திரும்புவார்கள் என்று அறிவித்தார். டிசம்பர் 18 விடியலில் கடைசி வாகன வரிசை குவைத் எல்லையைத் தாண்டியது. ஏறக்குறைய 4,500 அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். ஈராக்கியர்கள் எத்தனை பேர் என்பதில் ஒவ்வொரு கணக்கும் ஒவ்வோர் எண் சொல்கிறது. எல்லாமே லட்சக் கணக்கில்.

மறுநாள், டிசம்பர் 19, சன்னி பிரிவைச் சேர்ந்த துணை அதிபர் தாரிக் அல்-ஹாஷிமியைக் கைது செய்ய ஷியா பிரிவைச் சேர்ந்த பிரதமர் மாலிகியின் அரசு உத்தரவு போட்டது. ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை.

"காவல்காரன் தெருமுனை தாண்டவில்லை, உள்ளே வெட்டுக்குத்து ஆரம்பித்துவிட்டது" என்றார் அத்தான்.

"எட்டரை ஆண்டு காவல் இருந்தும் வெட்டுக்குத்துக்காரரைத்தானே பிரதமராக்கி வைத்தீர்கள்?"

இதற்கு அவர் சொன்ன பதில் நியாயமானது. 2010 மார்ச் தேர்தலில் மாலிகி முதலிடம் வரவில்லை. அயாத் அல்லாவியின் அணிக்கு 91 இடம், மாலிகிக்கு 89. எட்டு மாதத்துக்கு மேல் இழுபறி நடந்து கடைசியில் மாலிகியே பிரதமரானபோது வாஷிங்டன் அவர் பக்கம்தான் சாய்ந்தது. அப்போது அதிபர் ஒபாமா. படையைத் திரும்ப அழைத்ததைவிட இதுதான் பெரிய தவறு என்று அத்தான் சொன்னார். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. படை இருந்திருந்தால் மாலிகி திருந்தியிருப்பார் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. 1.7 லட்சம் பேர் இருந்தபோது கேட்காதவர் ஐயாயிரம் பேருக்கா கேட்டிருப்பார்?

2012 அக்டோபர் 22, போகா ரேட்டன், அதிபர் தேர்தலின் மூன்றாவது விவாதம். ஒபாமாவும் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னியும். நானும் அத்தானும் ஆளுக்கொரு ஊரில் தொலைக்காட்சி முன்னால், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்தோம். படைகள் தங்குவதற்கு ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று நீங்களும்தானே விரும்பினீர்கள் என்றார் ராம்னி. பத்தாயிரம் பேரை அங்கே விட்டுவைத்திருக்கமாட்டேன் என்றார் ஒபாமா. குதிரைகளையும் துப்பாக்கிக் கத்திகளையும் பற்றி ஒபாமா அடித்த நையாண்டிதான் மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. எனக்கு நெருடியது இது. தங்க வைக்க முயன்று, நடக்காமல் போனதை, தங்க வைக்கவே விரும்பாதவர்போலச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். வெளியேறியது சரி என்று நம்புகிறவன் நான். அதை இவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்ல வேண்டுமா?

"கேட்டாயா?" என்றார் அத்தான். கேட்காததுபோல இருந்தேன்.

நீட்டித்த வரித் தேதி 2012 டிசம்பர் 31-உடன் திரும்ப முடிந்தது. இந்த முறை ஒபாமா தேர்தலில் வென்றுவிட்டிருந்தார். காலமும் அவர் பக்கம் ஓடியது. புத்தாண்டு பிறந்து இரண்டு மணி நேரம் கழித்து செனட் 89-8 என்று வாக்களித்தது. உச்ச விகிதம் 39.6-க்குத் திரும்பியது, ஆனால் இரண்டரை லட்சத்துக்கு அல்ல. தனி ஆளுக்கு 4 லட்சம், தம்பதிக்கு 4.5 லட்சம் டாலருக்கு மேல். அத்தானும் அக்காவும் தப்பித்தார்கள். புஷ் பத்தாண்டுக்குத் தந்த சலுகைகளில் பெரும்பகுதியை நிரந்தரமாக்கியவர் ஒபாமா. ஓராண்டுக்கு என்று வந்து இன்னோர் ஆண்டும் நீண்ட சமூகப் பாதுகாப்பு வரிக் குறைப்பைத் தொடர யாருமே சண்டை போடவில்லை. ஆண்டுக்கு 50,000 டாலர் வாங்குபவருக்கு 1,000 டாலர், இரண்டு வாரச் சம்பளத்துக்கு 38 டாலர் குறைந்தது. ஜனவரி இரண்டாம் வாரம் எங்கள் உதவி எண்ணுக்கு அழைப்புகள் குவிந்தன. உங்கள் மென்பொருள் தவறாகப் பிடிக்கிறது என்று. சட்டமே அப்படித்தான் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்தது.

குறிப்பை அழித்தேன். இனி முடிவு நாள் இல்லை.

2014 ஜூனில் ஈராக்கின் மோசுல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் விழுந்தது. ஈராக் ராணுவம் சீருடைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் திரும்பவும் ஈராக்கில் குண்டு போட்டன. படையைத் திரும்ப அழைத்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்ட செய்தியாளரிடம், ஏதோ அது என் முடிவு என்பதுபோலக் கேட்கிறீர்களே என்றார் ஒபாமா. தேதி புஷ் போட்டது, ஈராக்கியர்கள் சட்டப் பாதுகாப்புத் தரவில்லை என்று விளக்கினார். எல்லாம் உண்மை. 2011 முதல் நான் அத்தானிடம் வரிக்கு வரி சொல்லிவந்த வாதம்தான் அது. ஆனால் 2012-இல் போரை முடித்தவன் நான் என்று மேடைக்கு மேடை சொன்ன வாய் இதைச் சொல்லும்போது, என் வாதம் எனக்கே புளித்தது. இதில் இன்னொரு வேடிக்கை: 2011-இல் நாடாளுமன்றம்தான் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அந்தச் சட்டப் பாதுகாப்பை, 2014-இல் ராணுவ ஆலோசகர்களை அனுப்பும்போது ஈராக் அரசு கொடுத்த ஒரு தூதரகக் கடிதமே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அத்தான் அன்று அழைத்து, "இது யாருடைய தேதி மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அக்காவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன்.

ஏழாண்டு கழித்துக் காபூல் விழுந்தபோதும் அவரே அழைத்தார், பைடனைத் திட்டுவதற்காக. 2021 மே 1-க்குள் வெளியேறுவதாகத் தாலிபானிடம் தோஹாவில் ஒப்புக்கொண்டது டிரம்ப் அரசு, 2020 பிப்ரவரி 29 அன்று என்றேன். அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பாட்டை இன்னும் நீ நிறுத்தவில்லையா என்றார். பிறகு, டிரம்பின் 2017 வரிச் சட்டத்துக்கு உன் நிரலில் என்ன தேதி போட்டிருக்கிறாய் என்று கேட்டார். 31.12.2025 என்றேன். "சரி, அப்போது பேசுவோம்."

பேசவில்லை. அந்தத் தேதி வருவதற்கு ஆறு மாதம் முன்பே, 2025 ஜூலை 4 அன்று, டிரம்ப் அந்த வரிக் குறைப்புகளில் பெரும்பாலானவற்றை நிரந்தரமாக்கிக் கையெழுத்திட்டார். அந்த வாரம் டெக்சஸில் பெருவெள்ளம். குவாடலூப் ஆற்றங்கரை முகாமில் சிக்கிய குழந்தைகளைப் பற்றித்தான் அத்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.